நின்னுக்கறனுங்க: முதலாளியிடம் இதை எப்போது சொல்வது?

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கண் அசரும் நேரம் பார்த்து அக்கா மகன் கூப்பிட்டான். "மாமா, கோயமுத்தூர்ல ஒரு கம்பெனில எடுத்துக்கிட்டாங்க. மாசம் ஏழாயிரம் சேத்தித் தர்றாங்க. லெட்டர் மெயில்ல வந்துருச்சு. நாளைக்கே எங்க ஓனர்கிட்ட சொல்லிப்போடட்டுங்களா, இல்ல நோம்பிக் காசு வாங்கிட்டுச் சொல்லட்டுங்களா?"

எங்கள் பக்கம் நின்னுக்கறது என்றால் வேலையை விடுவது, நோம்பி என்றால் எந்தப் பண்டிகையாகவும் இருக்கலாம். திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவன் வாயில் வந்தால் அது தீபாவளிதான். ஆடி முடியட்டும், அதுவரை வாயைத் திறக்காதே என்று சொல்லி வைத்துவிட்டு அன்றைக்குத் தூங்கப் போய்விட்டேன். தூக்கம் வரவில்லை. ஏனென்றால் இந்தக் கேள்வியில் நான் மூன்று முறை பரீட்சை எழுதியவன், அதில் ஒரு முறை நன்றாகவே ஃபெயிலானவன்.

இதை ஊரில் யாரைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். அப்பாவைக் கேட்டால், சோறு போட்ட மனுசன், முடிவு பண்ணின அன்னைக்கே போய்ச் சொல்லிடு என்பார். கூட வேலை பார்ப்பவனைக் கேட்டால், போனஸ் கைக்கு வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம் என்பான். பவர்டேபிளில், அதாவது மோட்டார்த் தையல் மெஷின் வரிசையில், உட்கார்ந்திருக்கும் டைலரைக் கேட்டால், எதுக்குச் சொல்லணும், சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிட்டுத் திங்கக்கிழமை அடுத்த கம்பெனிக்குப் போயிடு என்பார். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை, அவரவர் பிழைப்புக்கு அது சரி. நம் பிழைப்புக்கு எது சரி என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

என்னைக் கேட்டால் சொல்லும் நாளை முடிவு செய்வதற்கு முன் ஒரு தாளை எடுத்து நடுவில் ஒரு கோடு போடுங்கள். முதலாளி கையில் நமக்கு வர வேண்டியது என்னென்ன இருக்கிறது என்று இந்தப் பக்கம், நம் கையில் அவருக்கு மாட்டிக்கொண்டிருப்பது என்னென்ன என்று அந்தப் பக்கம். இந்தப் பக்கம் கனமாக இருக்கும்போது வாயைத் திறந்தால் நாம் நெஞ்சை நிமிர்த்திப் பேச முடியாது. கனம் குறைகிற நாள் எது என்று தேடுவதுதான் வேலையே. மற்றபடி நியாயம், நன்றி எல்லாம் உண்டுதான், ஆனால் அதெல்லாம் எப்படிச் சொல்கிறோம் என்பதில் இருக்கிறது, எப்போது சொல்கிறோம் என்பதில் இல்லை.

முதலில் அப்பா சொல்லும் வழி. 2013-இல் நான் அதைத்தான் செய்தேன். மெர்ச்சண்டைசர் வேலை, அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையரோடு பேசி ஆர்டரை நடத்துவது, நாலு வருடம் ஒரே கம்பெனி, முதலாளி என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். வேறு இடத்தில் வாயளவில் பேசி முடித்திருந்தேன், மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருந்தார்கள். மறைத்து வைக்க மனசு கேட்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் கேபினுக்குள் போனேன். மேஜை மேல் லேப் டிப் துண்டுகளை, சாயம் போட்டுப் பார்த்த மாதிரித் துணிகளை, பரப்பி வைத்து எந்த நீலம் பையர் கேட்ட நீலம் என்று ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணா, ஒரு மூணு மாசத்துல நின்னுக்கலாம்னு இருக்கறனுங்க" என்றேன். துண்டைக் கீழே வைக்கவில்லை. "சரி தம்பி, நல்லதா அமைஞ்சா போக வேண்டியதுதான்" என்றார். எனக்குக் கண் கலங்கியதுகூட உண்டு. எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் பையர் மெயில் ஒன்றுகூட இல்லை. இன்றைக்கு அவர்கள் ஊரில் லீவு போலிருக்கிறது என்று பதினோரு மணி வரை நம்பினேன். அப்புறம்தான் பக்கத்து சீட் பையன், "அண்ணா, உங்க மெயிலெல்லாம் எனக்கு வருதுங்க, என்னன்னு தெரியல" என்று பயந்து பயந்து சொன்னான். பத்தாவது நாள், இருந்து என்ன பண்ணப் போறே, கிளம்பிக்கோ என்று கணக்கு முடித்தார்கள். புது இடத்தில் முன்னாடியே வர முடியுமா என்று கேட்டால், சீட் காலியாகவில்லை, சொன்ன தேதிக்கே வாங்க என்றார்கள். இரண்டரை மாதம் வீட்டில் உட்கார்ந்தேன். அவர் மேல் இன்று வரை எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய், ஆனால் அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் பையர் மெயிலை நிறுத்தியிருப்பேன். போகிறவன் கையில் விலைப் பட்டியல் இருந்தால் எந்த முதலாளிக்கும் தூக்கம் வராது. அது சாதாரணப் பயம், அதை நான் கணக்கில் எடுக்காததுதான் தப்பு.

ஆனாலும் முன்கூட்டியே சொல்வது நல்லதாக முடிகிற இடங்கள் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சொந்தமாக ஜாப் ஒர்க், அதாவது அடுத்தவர் ஆர்டரைக் கூலிக்குச் செய்து கொடுக்கும் தொழில், போடப் போகிறீர்கள் என்று வையுங்கள், நாலு மெஷினோ ஒரு காஜா பட்டன் யூனிட்டோ. திருப்பூரில் இன்றைக்கு முதலாளியாக இருக்கும் பலர் ஒரு காலத்தில் மெஷினில் உட்கார்ந்தவர்கள்தான், அதனால் சொந்தமாகப் பண்ணப் போறேன் என்று ஆறு மாதம் முன்னால் சொன்னால், போட்டிக்காரனிடம் போகிறவனைப் பார்க்கிற பார்வை அங்கே இருக்காது. எனக்குத் தெரிந்த ஒரு கட்டிங் மாஸ்டருக்கு முதல் ஆர்டரே பழைய முதலாளி கொடுத்ததுதான். அதே மாதிரி மூன்றே பேர் வேலை பார்க்கிற ஆபீஸ், நீங்கள் போனால் ஜிஎஸ்டி கணக்கே நின்றுவிடும் என்றால், அல்லது சாயப்பட்டறையில் ரெசிபி எல்லாம் உங்கள் தலைக்குள்தான் இருக்கிறது என்றால், அங்கே முன்கூட்டிச் சொல்வதில் உங்களுக்கு நஷ்டம் குறைவு. உங்களை நாளைக்கே கிளம்பு என்று சொல்ல அவரால் முடியாது. கோட்டின் அந்தப் பக்கம் கனம் என்று சொன்னேனே, அது இதுதான்.

ஆர்டர் குறைந்த காலத்தில் மட்டும் முந்திக்கொண்டு சொல்லவே சொல்லாதீர்கள். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீதம் வரி என்று போட்டபோது திருப்பூரில் பல கம்பெனிகளில் பாதி மெஷின் ஓடவில்லை. யாரை அனுப்பலாம் என்று மேலே லிஸ்ட் போட்டுக்கொண்டிருக்கும்போது, நானே போலாம்னு இருக்கேங்க என்று போய் நின்றால் லிஸ்டில் முதல் பேர் நம்முடையதாகிவிடும், அதுவும் ராஜினாமாக் கணக்கில். ஆர்டர் இல்லை என்று கம்பெனியே ஆளைக் குறைத்தால் சட்டம் வேறு. தொழிலாளி என்ற வரையறைக்குள் வருகிறவர் ஒரு வருடம் வேலை பார்த்திருந்தாலே, பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு, அதோடு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம். நாமாக எழுதிக் கொடுத்துவிட்டால் அதெல்லாம் போச்சு. நமக்கும் போக வேண்டும், அவர்களுக்கும் அனுப்ப வேண்டும் என்கிற நேரத்தில் முதலில் வாய் திறப்பவர்தான் நஷ்டப்படுவார்.

அடுத்து டைலர் சொல்லும் வழி. இதைக் கேவலமாகப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். வாரச் சம்பளம், பீஸ் ரேட், அப்பாயின்ட்மென்ட் லெட்டர் என்று ஒரு துண்டுக் காகிதம் கிடையாது, ஆர்டர் இல்லை என்றால் சனிக்கிழமை சாயங்காலம், அடுத்த வாரம் சொல்லி அனுப்பறேன் என்று ஒரே வார்த்தை. நோட்டீஸ் கொடுக்காதவருக்கு நோட்டீஸ் எதற்கு? அங்கே அது சமமான ஏற்பாடு, இரண்டு பக்கமும் தெரிந்தே ஓடுகிறது. சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறியில் ஒரு சிக்கல் உண்டு, முன்பணம். அதை வாங்கி வைத்துக்கொண்டு சொல்லாமல் போனால் தேடி வருவார்கள், அதனால் புதிதாக எடுக்கிறவர் பழைய பாக்கியைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். பாக்கி இருக்கிறது என்பதற்காக ஆளைப் பிடித்து வைக்க யாருக்கும் உரிமை இல்லை, 1976-ஆம் வருடத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமே அதற்காக வந்ததுதான். ஆனாலும் முதலில் கணக்கைப் பேசி ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிட்டுச் சொல்வது நிம்மதி.

மாதச் சம்பள ஸ்டாஃப் இந்த வேலையைச் செய்யக் கூடாது. ஃபோனை அணைத்து வைத்துவிட்டால் வேலை நின்றுவிடும், ஆனால் நம் பிஎஃப் அங்கேயே உட்கார்ந்திருக்கும். விலகின தேதியைக் கம்பெனி பதியாவிட்டால் இரண்டு மாதம் கழித்து நாமே போர்ட்டலில் பதிந்துகொள்ளலாம் என்று வசதி வந்துவிட்டது, சரிதான். ரிலீவிங் லெட்டரை நாமே எழுதிக்கொள்ள முடியாதே. திருப்பூர்க் கம்பெனிகள் லெட்டரைக்கூடப் பெரிதாகக் கேட்காது, பழைய கம்பெனிக்கு ஒரு ஃபோன் போடுவார்கள், அவ்வளவுதான். அந்த ஃபோனில் என்ன சொல்வார்கள் என்பது நீங்கள் போன விதத்தைப் பொறுத்தது.

இனி போனஸ் வழி. மாப்பிள்ளை, அதுதான் அக்கா மகன், கேட்டதும் இதைத்தான், ஊரில் அதிகம் பேர் செய்வதும் இதைத்தான், அதனால் கொஞ்சம் நின்று பேசலாம்.

2016-இல் நான் இதைச் செய்தேன். சூடு கண்டவன் இல்லையா, இந்த முறை வாயே திறக்கவில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் போனஸ் கவர், ஸ்வீட் பாக்ஸ், எல்லாம் வாங்கிக்கொண்டேன். நோம்பி முடிந்து கம்பெனி திறந்த அன்றைக்குக் காலையில் லெட்டரை நீட்டினேன். முதலாளி படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "கவர் வாங்கறப்பவே தெரியுமா?" இல்லீங்க, இப்பதான் என்றேன். அவரும் நம்பியதாகக் காட்டிக்கொண்டார். நாலு வருடம் கழித்து அவினாசியில் ஒரு கல்யாண மண்டபம், பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன், அதே முதலாளி பெண் வீட்டுக்காரருக்கு ஒறம்பரையாம், உறவுக்காரராம், பந்தியைக் கவனித்துக்கொண்டே வந்தவர் என் இலைக்கு முன்னால் நின்றார். "தம்பி, அந்த போனஸ்ல என்னப்பா வாங்குனே?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். இலையில் இருந்த தக்காளி ரசம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொங்கு நாட்டில் வேலையை விடுவதில் உள்ள சங்கடமே இதுதான். வேலை முடிந்துவிடும், மனுசர்கள் முடிய மாட்டார்கள். கல்யாணம், சீர், எழவு என்று எங்காவது நேருக்கு நேர் நிற்க வேண்டி வரும். அன்றைக்கு நான் சொன்ன பொய் ஒன்றுக்குத்தான் எனக்கு இன்னும் கூச்சம், போனஸ் வாங்கினதுக்கு இல்லை. ஏனென்றால் போனஸ் அவர் போட்ட பிச்சை கிடையாது. ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரு கணக்கு வருடம், ஐப்பசியில் கைக்கு வருவது போன மார்ச்சோடு முடிந்த வருடத்துக்கு உழைத்த காசு. சட்டப்படி போனஸ் வரம்புக்குள் வருகிற கம்பெனியில், மாதம் 21,000 வரை சம்பளம் உள்ளவர், அந்த வருடத்தில் 30 நாள் வேலை பார்த்திருந்தாலே பங்கு உண்டு. குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. கொடுக்கிற நாளன்று வேலையில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் நடைமுறையில் தீபாவளிக்கு முன் நின்றவரைக் கூப்பிட்டுக் கவர் கொடுக்கிற கம்பெனி அபூர்வம், அதிலும் சட்டம் சொன்னதுக்கு மேலே ஒரு மாதச் சம்பளம் என்று தருகிற கம்பெனிகளில் அந்த மேல் தொகை முழுக்க முதலாளி மனசு. ஆக, போனஸ் வாங்கிவிட்டுச் சொல்வதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். தெரியுமா என்று கேட்டால் ஆமாங்க என்று சொல்லும் தைரியம் மட்டும் வேண்டும்.

போனஸைவிடப் பெரிய காசு ஒன்று இருக்கிறது, அதை எங்கள் ஆட்கள் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். கிராஜுவிட்டி. நீண்ட நாள் வேலை பார்த்தவருக்கு நிற்கும்போது கம்பெனி தர வேண்டிய பணிக்கொடை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் ஐந்து வருடம் முடித்திருந்தால், கடைசியாக வாங்கின பேசிக்கை, அதாவது அடிப்படைச் சம்பளத்தை, டிஏ இருந்தால் அதையும் சேர்த்து, 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, பார்த்த வருடங்களால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் போனால் அது முழு வருடக் கணக்கு. ஏழு வருடம் ஐந்து மாதத்தில் நின்றால் ஏழு, ஏழு வருடம் ஏழு மாதத்தில் நின்றால் எட்டு. 27,000 சம்பளத்தில் பேசிக் 8,000 என்று போட்டு வைக்கிற பழக்கத்துக்கும் இப்போது கடிவாளம் வந்திருக்கிறது, 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி அலவன்ஸ் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டின பகுதியும் சம்பளக் கணக்கில் சேரும்.

மாப்பிள்ளை கதைக்கு வருவோம். அவனுக்கு வரும் டிசம்பரில் ஐந்து வருடம் முடிகிறது. பேசிக் 18,000. 18,000 பெருக்கல் 15 வகுத்தல் 26 பெருக்கல் 5, ஆக 51,923 ரூபாய். அவன் கம்பெனியில் போனஸாக ஒரு மாத பேசிக் தருவார்கள், 18,000. இப்போதே சொல்லி ஒரு மாத நோட்டீஸில் செப்டம்பர் நடுவில் போனால் இந்த 69,923-ம் சந்தேகத்துக்குப் போய்விடுகிறது. டிசம்பர் நடுவில் போனால், கோயமுத்தூர்க்காரர் சேர்த்துத் தருகிற 7,000 மூன்று மாதம் தள்ளிப் போகிறது, 21,000. கழித்தால் கிட்டத்தட்ட 49,000 ரூபாய் காத்திருப்பதற்குக் கூலி. அக்காவுக்கு இதைச் சொன்னதும், "அட, நாலு மாசம் வாயை மூடிட்டு இருக்கறதுக்கு அரை லட்சமா, நான் இருக்கறேன்" என்றாள்.

இன்னொன்று இருக்கிறது. ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே ஐந்து வருடம் முடித்ததாக எடுத்துக்கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அதை நம்பி நாலு வருடம் பத்து மாதத்தில் நிற்கலாமா? சட்டத்தில் வழி இருக்கிறது, ஆனால் கம்பெனிக் கணக்கர், அஞ்சு வருசம் ஆகலீங்களே என்று முகத்தைத் திருப்பினால் நீங்கள் தொழிலாளர் துறைக்கு மனு எழுதி அலைய வேண்டும். இரண்டு மூன்று மாதம் பொறுத்தால் ஐந்து வருடமே முடியும் என்றால் பொறுத்துவிடலாம் என்பது என் கட்சி. ஒரு வருடம் பாக்கி என்றால் பொறுக்காதீர்கள், ஐம்பதாயிரத்துக்காக ஒரு வருடம் பிடிக்காத இடத்தில் உட்காருவது கட்டுப்படியாகாது.

இதில் கவனிக்க வேண்டியது, சொல்லும் நாள் வேறு, நிற்கும் நாள் வேறு. கிராஜுவிட்டிக்கு எண்ணுவது நிற்கும் நாளை. நோட்டீஸ் மாதமும் சர்வீஸ்தான். அதனால் நோம்பி முடிந்து கவர் கைக்கு வந்த பிறகு சொன்னால், நோட்டீஸ் ஓடி முடியும்போது ஐந்து வருடமும் முடிந்திருக்கும். ஒரு ஓட்டை உண்டு. நோட்டீஸ் மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்து இன்றைக்கே கிளம்பு என்று சொல்ல லெட்டரில் அவர்களுக்கு வழி இருந்தால், சர்வீஸ் நாலு வருடம் பதினோரு மாதத்தில் நின்றுவிடும். அப்போது அந்த 240 நாள் வாதத்தைத்தான் கையில் எடுக்க வேண்டும், பதினோரு மாதம் என்பதால் அது பலமான வாதமும்கூட.

நாலாவது வழி, யாரும் தனியாகப் பேர் வைக்காத வழி, லெட்டர் கைக்கு வந்தவுடன் நோட்டீஸ் எத்தனை நாளோ அத்தனை நாள் மட்டும் முன்னால் சொல்வது. இழக்க ஒன்றும் இல்லை என்றால், அதாவது போனஸ் வாங்கியாச்சு, கிராஜுவிட்டி எப்பவோ உறுதியாச்சு அல்லது வரவே வராது என்றால், இதைவிட நல்லது கிடையாது. 2021-இல் நான் செய்தது இதுதான், அதைப் பற்றிச் சொல்ல ஒரு கதையும் இல்லை என்பதே அதன் பெருமை. லெட்டர் என்றால் கையெழுத்தும் சம்பளமும் சேரும் தேதியும் உள்ள லெட்டர். நீங்க வாங்க, பாத்துக்கலாம் என்பது லெட்டர் இல்லை, அது எவ்வளவு பெரிய மனுசன் வாயிலிருந்து வந்தாலும் சரி.

கோயமுத்தூர் ஐடி ஆட்களுக்கு மட்டும் இந்த வழி இடிக்கும். சரவணம்பட்டியில் இருக்கும் என் பெரியப்பா பேரனுக்கு 90 நாள் நோட்டீஸ், எடுக்கிறவர்களோ 30 நாளில் வா என்கிறார்கள். அதனால் அங்கே கையில் ஒன்றும் இல்லாமல் முதலில் ராஜினாமா கொடுத்துவிட்டு, இன்னும் இருபது நாளில் வந்துவிடுவேன் என்று சொல்லி வேலை தேடுகிறவர்கள் உண்டு. வீட்டுக் கடன் இல்லாத, ஆறு மாதச் சாப்பாட்டுக் காசு பேங்கில் இருக்கிற பையன் செய்யலாம். மற்றவர்கள் நோட்டீஸை விலை கொடுத்துக் குறைத்துக்கொள்ள முடியுமா, புதுக் கம்பெனி அந்தக் காசைத் தருமா என்று முதலில் கேட்டுப் பார்க்கட்டும்.

வீட்டுக் கடன் என்றதும் ஞாபகம் வருகிறது, வீடு வாங்கக் கடனுக்கு எழுதிக் கொடுத்திருந்தால் பணம் கைமாறும் வரை பொறுங்கள், பேங்க்காரர் கடைசி நேரத்தில் சம்பளச் சீட்டு கேட்பார். கர்ப்பமாக இருக்கும் பெண்கள் ஐந்தாம் மாதத்திலேயே, எப்படியும் நிக்கத்தானே போறோம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள், இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். முந்தின பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் ஏற்கனவே இரண்டு குழந்தை இல்லாதவர்களுக்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு என்பது சட்டம், ஈஎஸ்ஐ-யில் இருப்பவர்களுக்கு அங்கிருந்து பணம் வரும், அதற்கு அங்கே தனிக் கணக்கு. லீவை எடுங்கள் அம்மணி, குழந்தை பிறக்கட்டும், அப்புறம் நிற்பதா வேண்டாமா என்று யோசியுங்கள்.

எந்த வழியாக இருந்தாலும் ரகசியம் நிற்காது என்பதையும் கணக்கில் வையுங்கள். திருப்பூரில் லேபிள், பட்டன், நூல் சப்ளைக்கு வரும் ஆட்கள்தான் பேப்பர், டிவி எல்லாம். காலையில் இந்தக் கம்பெனியில் டீ, மத்தியானம் அந்தக் கம்பெனியில் டீ. நீங்கள் இன்டர்வியூவுக்குப் போன இடத்தில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்ததை அவர் பார்த்திருந்தால் உங்களுக்குச் சொல்வதற்கு முன் உங்கள் முதலாளிக்குச் சொல்லிவிடுவார். அப்படிக் காதுக்குப் போய், அவர் கூப்பிட்டு "என்ன தம்பி, கேள்விப்பட்டேன்" என்று ஆரம்பித்தால் மறைக்க வேண்டாம். ஆனால் தேதி எதையும் வாயால் விடாதீர்கள். "கூப்பிட்டாங்க, போய்ப் பேசிட்டு வந்தனுங்க, இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணலீங்க" என்பதோடு நிறுத்துங்கள். லெட்டர் கையெழுத்தாகாத வரை அது உண்மையும்கூட.

சொல்லும் நாளைப் பற்றி ஒன்றிரண்டு. சனிக்கிழமை வேண்டாம், அன்றைக்கு வாரச் சம்பளப் பட்டுவாடா, மனுசன் பணம் எண்ணும் டென்ஷனில் இருப்பார். வெள்ளிக்கிழமை காலையில் சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தவரிடம் போறேன் என்ற வார்த்தையைச் சொன்னால் அதையே சகுனமாக எடுத்துக்கொள்வார். இன்ஸ்பெக்ஷன் நாளும் கன்டெய்னர் ஏற்றுகிற நாளும் வேண்டவே வேண்டாம். ஷிப்மென்ட் போன மறுநாள் நல்ல நாள். முதலில் வாயால் சொல்லி, அன்றைக்கே மெயிலும் போட்டுவிடுங்கள், நோட்டீஸ் எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்று பின்னால் சண்டை வரக் கூடாது. எவ்வளவு வேணும் சொல்லு, சேத்தித் தர்றேன் என்பார்கள். அந்தச் சம்பளத்தை லெட்டர் காட்டின பிறகுதான் தர மனசு வந்தது என்றால், அடுத்த உயர்வுக்கும் ஒரு லெட்டர் தேட வேண்டி வரும். நான் அதை வாங்கினதில்லை. வாங்கி நன்றாக இருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன், மறைக்கவில்லை. கடைசிச் சம்பளம் இரண்டு வேலை நாளில் தர வேண்டும் என்கிறது புதுச் சட்டத் தொகுப்பு, அடுத்த மாசம் வாங்க என்கிறார் கணக்கர், நீங்கள் சிரித்த முகத்தோடு சட்டத்தை ஞாபகப்படுத்துங்கள்.

புதன்கிழமை மாப்பிள்ளை மறுபடி கூப்பிட்டான். கோயமுத்தூரில் பேசிவிட்டானாம். பழைய முதலாளியிடம் கெஞ்சுவதைவிடப் புது முதலாளியிடம் தேதி கேட்பது சுலபம் என்று நான் சொன்னதைக் கேட்டிருக்கிறான். முதலில் முடியவே முடியாது என்றார்களாம், அஞ்சு வருசம் முடியுதுங்க, அதுக்குத்தான் என்று காரணத்தை உடைத்துச் சொன்னதும் டிசம்பர் 15 வரை பொறுக்கிறோம், அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை என்றிருக்கிறார்கள். இவனுக்கு ஐந்து வருடம் முடிவது 9-ஆம் தேதி. முப்பது நாள் நோட்டீஸைப் பின்னால் எண்ணிக்கொண்டே வந்தால், நோம்பி முடிந்து கம்பெனி திறக்கிற அந்த ஒரு வாரத்துக்குள் சொல்லியாக வேண்டும். எண்ணிப் பார்த்து ஒரு நாளைத் தினசரி காலண்டரில் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறான். அன்றைக்கு அவனுக்குச் சந்திராஷ்டமம் வருகிறது, வேறு நாள் பார் என்று அக்கா பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.